செட்டோஸ்டியரில் அல்கஹோல் இருக்கிற கிறீமை எக்ஸிமா பிள்ளைக்குப் பூசலாமா?

நாலு வயசு மகனுக்கு எக்ஸிமா, கிளினிக்கில அக்வியஸ் கிறீம் எழுதித் தந்திருக்கினம், வீட்டுக்கு வந்த மாமி போத்தலைத் திருப்பி லேபலை வாசிச்சுப்போட்டு "இதில செட்டோஸ்டியரில் அல்கஹோல் எண்டு போட்டிருக்கு, இதைப் பூசிப் பூசித்தான் பிள்ளையின்ர தோல் இன்னும் காயுது" எண்டு சொல்ல நீங்கள் ரெண்டு கிழமையா ஒண்டும் பூசாமல் விட்டிருக்கிறீங்கள், பிறகு நெட்டில தேடினால் ஒராள் இது திமிங்கிலத்தில இருந்து வாறது எண்டும் இன்னொராள் மிருகக் கொழுப்பு எண்டும் எழுதியிருக்கினம், இதுதான் உங்கட கேள்வி. இதுக்குள்ள மூண்டு கேள்வி இருக்கு. இந்த அல்கஹோல் தோலைக் காயப்பண்ணுமா, இது எங்க இருந்து வருது, இந்தக் கிறீம் என்ர பிள்ளைக்குச் சரியா. கடைசியில நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கிறீங்கள், பூசினவுடன எரியுது எண்டு அழுறான் எண்டு. எனக்கு அந்த வரிதான் எல்லாத்திலையும் முக்கியமாப் பட்டது, மற்றாக்கள் எல்லாம் அதைத் தாண்டிப் போய் அல்கஹோல் நல்லதா கூடாதா எண்டு கதைச்சுக்கொண்டிருக்கினம். முதலே சொல்லுறன் தங்கச்சி, மாமி கண்டது சரியா இருக்கக்கூடும், ஆனால் அவ பிடிச்ச ஆள் பிழை. ஏனெண்டு கொஞ்சம் நீளமாத்தான் சொல்ல வேணும், பொறுத்து வாசியுங்கோ.

நான் கொழும்பு யூனிவர்சிட்டியில கெமிஸ்ட்ரி படிச்சு, இரத்மலானைப் பக்கம் கிறீம், லோஷன், ஷம்பு செய்யிற ஒரு பக்டரியின்ர லாப்பில 23 வருசம் வேலை செய்தனான். இந்தச் சாமானை மூட்டை மூட்டையா உருக்கிக் கலக்கினதுதான் என்ர வாழ்க்கையில பெரிய பங்கு. ஆனால் நான் டொக்டர் இல்லை, உங்கட மகனின்ர தோலை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே கிறீமுக்குள்ள என்ன இருக்கு, அது என்ன செய்யும் எண்டதை உறுதியாச் சொல்லுறன், பிள்ளைக்கு என்ன மருந்து எண்டதை நீங்கள் தோல் வைத்தியரிட்டத்தான் கேக்க வேணும்.

அல்கஹோல் எண்ட சொல்லில இருந்து தொடங்குவம், ஏனெண்டால் பயம் முழுக்க அந்தச் சொல்லாலதான் வந்தது. பள்ளிக்கூடத்தில தமிழில படிச்சவைக்கு அற்ககோல் எண்டு ஞாபகம் இருக்கும். காபன் சங்கிலி ஒண்டில ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த அந்தச் சின்னக் கூட்டம் தொங்கினால் கெமிஸ்ட்ரியில அதுக்குப் பெயர் அல்கஹோல், அவ்வளவுதான். சாராயத்திலையும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டிலையும் இருக்கிற எதனோலில காபன் ரெண்டே ரெண்டு. சின்ன மூலக்கூறு, தண்ணியோட அப்பிடியே கலந்திடும், 78 பாகை செல்சியசில கொதிக்கும், தோலில பட்டால் தோலின்ர எண்ணெய்ப் படையையும் கரைச்சுக்கொண்டு பறந்திடும், அதால தோல் காயும். உங்கட லேபலில இருக்கிற செட்டோஸ்டியரில் அல்கஹோல் எண்டது 16 காபன் இருக்கிற செட்டைல் அல்கஹோலும் 18 காபன் இருக்கிற ஸ்டியரில் அல்கஹோலும் சேர்ந்த கலவை, சில போத்தலில செட்டியரில் அல்கஹோல் எண்டு போட்டிருக்கும், ரெண்டும் ஒண்டுதான். வாலில 16 காபன் சேர்ந்தவுடன குணம் முழுக்க மாறிப்போகுது. தண்ணியில கரையாது, ஆவியாகிப் பறக்காது, கையில எடுத்தால் மெழுகுவர்த்தி சீவல் மாதிரி வழவழ எண்டு வெள்ளையா இருக்கும், வாசமும் பெரிசா இல்லை. குடிச்சு வெறிக்கிற சாமானும் இல்லை. இதால அமெரிக்காவின்ர உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்டிஏ செட்டைல், ஸ்டியரில் போல கொழுப்பு அல்கஹோல் இருக்கிற அழகுசாதனப் பொருளுக்கும் "அல்கஹோல் ஃப்ரீ" எண்டு லேபல் போட விடுது, ஏனெண்டால் லேபலில அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எதனோல் இல்லை எண்டதுதான்.

வால் நீள நீள என்ன நடக்குது எண்டதை வீட்டில இருந்தே விளங்கிக்கொள்ளலாம். தனி ஈர்க்கு ஒண்டை எடுத்தால் வளையும் நெளியும், அதையே நூறு ஈர்க்கை வரிசையாச் சேர்த்துக் கட்டினால் விளக்குமாறு விறைச்சு நிக்குது. நேரான நீளச் சங்கிலிகளும் அப்பிடித்தான் பக்கம் பக்கமா அடுக்குப்பட்டு ஒண்டை ஒண்டு பிடிச்சுக்கொள்ளும், நீளம் கூடக் கூடப் பிடியும் கூடும், உருக்க அவ்வளவு சூடு வேணும். 12 காபன் இருக்கிற லோரைல் அல்கஹோல் 24 பாகைக்குக் கிட்ட உருகும், எங்கட தேங்காய் எண்ணெய் மாதிரியே, கொழும்பில போத்தலுக்குள்ள தண்ணியா நிக்கும், நுவரெலியாவுக்குக் கொண்டு போனால் உறைஞ்சிடும். 14 காபன் இருக்கிற மிரிஸ்டைல் 38 கிட்ட, 16 காபன் செட்டைல் 49 கிட்ட, 18 காபன் ஸ்டியரில் 59 கிட்ட, 22 காபன் இருக்கிற பெஹினைல் 70 கிட்ட. இதில செட்டைலும் ஸ்டியரிலும்தான் கிறீமுக்கு வாய்ச்ச சோடி, எங்கட 32 பாகை வெக்கையில உருகாமல் நிக்கும், அதே நேரம் பக்டரியில 70, 75 பாகைக்குச் சூடாக்கினால் லேசா உருகி எண்ணெயோட கலந்திடும். ஆனால் மூடின காருக்குள்ள மத்தியான வெய்யிலில கிறீமை விட்டு வச்சால் உள்ளுக்க இருக்கிற அடுக்கு குலைஞ்சு தண்ணி வேறயா எண்ணெய் வேறயாப் பிரியும், அப்பிடிப் பிரிஞ்சதைப் பிள்ளைக்குப் பூசாதேங்கோ.

கிறீமுக்குள்ள இது என்ன வேலை பார்க்குது எண்டால், தண்ணியையும் எண்ணெயையும் சேர்த்து வச்சிருக்கிறதுக்குத் துணை நிக்குது. தலையில இருக்கிற அந்த ஒட்சிசன் ஐதரசன் கூட்டம் தண்ணிப் பக்கம், நீள வால் எண்ணெய்ப் பக்கம். ஆனால் தலை சின்னன், வால் பெரிசு, அதால தனிய நிண்டு எண்ணெயையும் தண்ணியையும் கட்டிப்பிடிக்க இதால ஏலாது, சவர்க்கார வகை சாமான் ஒண்டு கூட இருக்க வேணும். ரெண்டும் சேர்ந்து தண்ணிக்குள்ள தட்டுத் தட்டா அடுக்கு கட்டும், அந்தத் தட்டுகளுக்கு நடுவில தண்ணி சிறைப்பட்டுப் போகும், அதாலதான் முக்கால்வாசி தண்ணியா இருக்கிற லோஷனும் கையில ஓடாமல் நிக்குது. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில சுத்தமான செட்டைல் மட்டும் போட்டு கைக்குப் பூசுற கிறீம் ஒண்டு செய்தனான், முதல் நாள் பார்த்தால் பாலாடை மாதிரி அவ்வளவு வடிவு, எல்லாருக்கும் காட்டினன். மூண்டாம் கிழமை போத்தலைத் திறந்தால் மேல தண்ணி கசிஞ்சு, கிறீம் நைஞ்சு, கையில தேய்ச்சால் குருணி குருணியா. சுத்தமான ஒரே நீளச் சங்கிலி எண்டால் நாள் போகப் போக இறுக்கமான பளிங்கா மாறித் தண்ணியை வெளிய தள்ளிப்போடும், ரெண்டு நீளம் கலந்திருந்தால் அடுக்கு அவ்வளவு இறுகாது, தண்ணி உள்ளுக்கையே நிக்கும். அந்த லாப்பின்ர மூத்த கெமிஸ்ட் செட்டோஸ்டியரில் கலவையைப் போட்டுத் திரும்பச் செய்யச் சொன்னார், அந்தப் போத்தல் ஒரு வருசத்துக்குப் பிறகும் அப்பிடியே இருந்தது. லேபலில செட்டைல் எண்டு தனியா வராமல் செட்டோஸ்டியரில் எண்டு கூடுதலா வாறதுக்கு இதுவும் ஒரு காரணம். கிறீம் தோலில காய்ஞ்ச பிறகு இந்த மெழுகுத் தட்டுகள் மெல்லிசா மேல படிஞ்சு தோலுக்குள்ள இருக்கிற ஈரம் பறக்கிறதைக் குறைக்கும், அதாவது காயப்பண்ணும் எண்டு நீங்கள் பயந்த சாமான் செய்யிறது நேர் எதிர் வேலை.

எங்க இருந்து வருது எண்ட கேள்விக்கு வருவம். திமிங்கிலக் கதை பொய் இல்லை, பழைய கதை. 1817ல பிரான்ஸ் விஞ்ஞானி மிஷெல் செவ்றல் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின்ர தலைக்குள்ள இருக்கிற மெழுகை கோஸ்ரிக் பொட்டாசோட சூடாக்கித்தான் செட்டைல் அல்கஹோலை முதன்முதல் பிரிச்செடுத்தவர். அந்த மெழுகில பெரும்பங்கு செட்டைல் பால்மிடேட், அதாவது இதே அல்கஹோலும் பாம் எண்ணெயில இருக்கிற கொழுப்பமிலமும் சேர்ந்த எசுத்தர். செட்டைல் எண்ட பெயரே திமிங்கிலத்துக்கான பழைய லத்தீன் சொல்லில இருந்து வந்தது. பிறகு சர்வதேச திமிங்கில ஆணைக்குழு 1979ல இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின்ர சரணாலயம் எண்டு அறிவிச்சது, 1982ல வியாபாரத்துக்காக வேட்டையாடுறதை நிப்பாட்டத் தீர்மானிச்சு 1986ல இருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதுக்கு முதலே தொழிற்சாலைகள் தாவர எண்ணெய்க்கு மாறத் தொடங்கியிட்டுது. இண்டைக்கு திருகோணமலைக் கடலில சனம் படகில போய்ப் பார்க்கிற அந்தப் பெரிய தலைத் திமிங்கிலத்துக்கும் உங்கட போத்தலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, பெயர் மட்டும்தான் மிஞ்சினது.

இப்ப வாறதில பெரும்பங்கு பாம் எண்ணெயில இருந்து. பாம் எண்ணெயில கிட்டத்தட்ட 44 வீதம் 16 காபன் பால்மிடிக் அமிலம், அதோட 18 காபன் அமிலங்களும் தாராளமா இருக்கு, எண்ணெயை முதல் மெதைல் எசுத்தராக்கிப் பிறகு செம்பு சேர்ந்த ஊக்கியோட அதிக அமுக்கத்தில ஐதரசன் ஏத்தினால் அமிலம் அல்கஹோலா மாறும். எங்கட தேங்காய் எண்ணெயிலயும் செய்யலாம், ஆனால் அதில பாதிக்குக் கிட்ட 12 காபன் லோரிக் அமிலம், 16 காபன் 8, 9 வீதம்தான், ஆகவே தேங்காயில இருந்து கூடுதலா வாறது லோரைல் அல்கஹோல். தேங்காயில இருந்து எடுத்த செட்டியரில் எண்டு விளம்பரம் போட்டால் அது முடியாத காரியம் இல்லை, ஆனால் பெரும்பாலும் பாம் இருக்கும் எண்டுதான் நான் நினைப்பன். மாட்டுக் கொழுப்பில இருந்தும் செய்ய ஏலும், பெற்றோலியத்தில இருந்து வாற எதிலீனை ரெண்டு ரெண்டு காபனாக் கோத்தும் செய்ய ஏலும், 1963ல நோபல் பரிசு எடுத்த கார்ல் சீக்லரின்ர கண்டுபிடிப்பால வந்த வழி அது. செய்து முடிஞ்ச பிறகு மூலக்கூறு ஒரே மூலக்கூறுதான், தோலுக்கு வித்தியாசம் தெரியாது, லேபலைப் பார்த்தும் மூலத்தைச் சொல்ல ஏலாது. சைவமா இருக்க வேணும் எண்டு நினைக்கிறவையும் ஹலால் பார்க்கிறவையும் கம்பனிக்கு எழுதி தாவர மூலமா எண்டு கேக்கிறதுதான் ஒரே வழி, நான் வேலை செய்த காலத்தில மூட்டையோட வாற சேர்டிபிகேட்டில அது எழுதியிருக்கும், கேட்டால் சொல்லக்கூடிய விசயம்தான். மார்க்கத் தீர்ப்பு உலமாமார் சொல்ல வேண்டியது, நான் சொல்லக்கூடியது இது போதை தாற சாமான் இல்லை எண்டது மட்டும்.

இயற்கையில இதின்ர சொந்தக்காரர் கனபேர் இருக்கினம், பார்க்க ஆசையா இருக்கும். தைப்பொங்கலுக்கு வெள்ளவத்தைச் சந்தையில கரும்பு வாங்குவீங்கள் தானே, கணுவுக்குக் கிட்ட வெள்ளையா மா பூசின மாதிரி ஒண்டு ஒட்டியிருக்கும், நகத்தால சுரண்டினால் வரும். அது கரும்பின்ர மெழுகு, அதில 28 காபன் இருக்கிற ஒக்டகோசனோல் எண்ட நீள அல்கஹோல் இருக்கு. தேன்மெழுகில 30 காபன் அல்கஹோல் கொழுப்பமிலத்தோட சேர்ந்து எசுத்தரா இருக்கு. கோதுமை இலை, இன்னும் எத்தினையோ இலைகளுக்கு மேல தண்ணி ஒட்டாமல் உருண்டு போறதுக்கும் இந்த வகை மெழுகுகள் காரணம். செடி தன்ர ஈரத்தைக் காப்பாத்தப் பூசிக்கொண்டதை நாங்கள் எங்கட தோலுக்குப் பூசுறம். எங்கட உடம்பும் கொழுப்பு அல்கஹோலைச் சின்ன அளவில தானே செய்யுது, சில விசேச கொழுப்புகளைக் கட்ட அது தேவை, மிஞ்சினதைத் திரும்பக் கொழுப்பமிலமா மாத்த நொதியமும் இருக்கு. அந்த நொதியம் பிறவியிலயே வேலை செய்யாத ஒரு மிக அரிதான வருத்தம் இருக்கு, ஷோக்ரன் லார்சன் எண்டு பெயர், அந்தப் பிள்ளைகளுக்கு தோல் செதில் செதிலாத் தடிக்கும். உடம்புக்கு இது அந்நியமான சாமான் இல்லை எண்டதுக்குத்தான் சொன்னன்.

பாவிக்கிற இடங்கள் எண்டு பார்த்தால் கிறீம், தலைமயிர் கண்டிஷனர், லிப்ஸ்டிக், மாத்திரைப் பூச்சு எண்டு நீண்டு போகும், அதில எனக்கு மனசில நிக்கிறது ரெண்டு. குறைமாசத்தில பிறக்கிற குழந்தைக்கு நுரையீரல் விரிய உதவுற சாமான் இன்னும் ஊறியிருக்காது, மூச்சு விடக் கஷ்டப்படும், அதுக்கு 1990ல அமெரிக்காவில அனுமதி கிடைச்ச எக்ஸோசர்ஃப் எண்ட செயற்கை மருந்தில செட்டைல் அல்கஹோலும் ஒரு பங்கு, மற்றக் கொழுப்பு நுரையீரலுக்குள்ள கெதியாப் பரவ அது உதவினது. பிறகு மாடு, பன்றியின்ர நுரையீரலில இருந்து எடுக்கிற மருந்துகள் கூடுதலா வேலை செய்யுது எண்டு அதுகள் அந்த இடத்தைப் பிடிச்சுது, ஆனாலும் பிறந்த பிள்ளையின்ர நுரையீரலுக்குள்ள விட்ட சாமான் இது எண்டதை நினைச்சுப் பாருங்கோ. மற்றது குளத்துத் தண்ணி. 1950களில அவுஸ்திரேலியாவில இதைத் தண்ணிக்கு மேல ஒரே ஒரு மூலக்கூறு தடிப்பில பரப்பினால் தண்ணி ஆவியாகிறது குறையுது எண்டு பார்த்தவை, 1958ல அமெரிக்காவில ஒக்லஹோமாவில ஹெஃப்னர் ஏரியில பெரிசாச் செய்து பார்த்தவை. குறையிறது உண்மை, ஆனால் காத்து அடிச்சால் அந்தப் படை கரைக்கு ஒதுங்கிப்போகுது. கோடையில அனுராதபுரம், வவுனியாப் பக்கக் குளங்கள் வத்துறதைப் பார்க்கேக்க எல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும், எங்கட காத்துக்கு அது நிண்டு பிடிக்குமா எண்டது சந்தேகம்தான்.

மருந்து எண்டு வாற இடத்தில கவனமாப் பிரிச்சுப் பார்க்க வேணும். 22 காபன் இருக்கிற டொகோசனோலை 10 வீதக் கிறீமா உதட்டில வாற அக்கிப் புண்ணுக்குப் பூச 2000ல எஃப்டிஏ அனுமதிச்சது, பரிசோதனையில புண் ஆறுற காலம் கிட்டத்தட்ட 18 மணித்தியாலம் குறைஞ்சது, சின்னப் பலன் ஆனால் உண்மையான பலன். கரும்பு மெழுகில இருந்து எடுக்கிற பொலிகோசனோல் மாத்திரை கொலஸ்டரோலைக் குறைக்கும் எண்டு கியூபாவில இருந்து கன ஆராய்ச்சி வந்தது, ஆனால் 2006ல ஜெர்மனியில வேற ஆக்கள் செய்த பரிசோதனையில ஒரு குறைவும் காணேல்ல, அந்த மாத்திரைக்குக் காசு குடுக்காதேங்கோ. முகப்பரு வரும் எண்டு நெட்டில இலக்கம் போட்டு ஒரு அட்டவணை சுத்துது, அந்த இலக்கங்கள் பெரும்பாலும் முயல் காதில செய்த பழைய பரிசோதனையால வந்ததுகள், மனுசர் முகத்துக்கு அதை அப்பிடியே எடுக்க ஏலாது.

இப்ப பிள்ளைக்கு வருவம். செட்டோஸ்டியரில் தோலுக்குப் பாதுகாப்பா எண்டால், அமெரிக்காவில அழகுசாதனச் சேர்க்கைகளைப் பரிசீலிக்கிற நிபுணர் குழு 1988லயே பாதுகாப்பு எண்டு முடிவு சொன்னது. ஒவ்வாமை அறவே வராது எண்டு நான் சொல்ல மாட்டன். சிலருக்கு வரும், முக்கியமா காலில நாள்பட்ட புண் இருந்து வருசக்கணக்கா கிறீம் பூசினவைக்கு, அதால தோல் வைத்தியர்மார் ஒவ்வாமை தேடுற பட்ச் டெஸ்டில 20 வீதச் செட்டோஸ்டியரிலை வசலினில கலந்து ஒட்டிப் பார்க்கிறவை. ஒவ்வாமை எண்டால் பூசினவுடன எரியிறதை விட ஒண்டு ரெண்டு நாள் கழிச்சுப் பூசின இடம் சிவந்து கடிக்கிறதுதான் வழமை. உங்கட மகன் அழுறது பூசின அந்த நேரமே. அது வேற ஆளைக் காட்டுது.

அந்த ஆள் பெரும்பாலும் அதே லேபலில பக்கத்தில இருப்பார், சோடியம் லோரைல் சல்பேட், எஸ்எல்எஸ் எண்டு சுருக்கிச் சொல்லுவினம். பிரித்தானியாவின்ர மருந்துத் தரப் புத்தகமான பிரிட்டிஷ் பார்மகோபியாப்படி அக்வியஸ் கிறீம் எண்டது 30 வீதம் எமல்சிஃபையிங் ஒயின்ட்மென்ட் எண்ட களிம்பு, மிச்சம் தண்ணியும் பழுதாகாமல் இருக்கப் போடுற மருந்தும். அந்த ஒயின்ட்மென்ட்டில 30 வீதம் எமல்சிஃபையிங் வாக்ஸ், அந்த வாக்ஸில ஒன்பது பங்கு செட்டோஸ்டியரில், ஒரு பங்கு எஸ்எல்எஸ். பெருக்கிப் பார்த்தால் கிறீமில 8 வீதம் அளவில செட்டோஸ்டியரில், 1 வீதத்துக்குக் கொஞ்சம் குறைய எஸ்எல்எஸ். நான் முதல் சொன்னன் தானே துணைக்கு ஒரு சவர்க்கார வகை வேணும் எண்டு, அதுதான் இது. இதைச் செய்யிறதும் 12 காபன் லோரைல் அல்கஹோலில இருந்துதான், ஆனால் அதுக்குச் சல்பேட் தலை வச்சவுடன அது நுரைக்கிற, அழுக்கை உரிக்கிற சாமானா மாறியிடும், பற்பசையிலயும் ஷம்புவிலயும் இருக்கிறது அதுதான். கழுவிப்போட்டு ஊத்தி விடுற சாமானில இருந்தால் பெரிய பிரச்சினை இல்லை, எக்ஸிமாத் தோலில பூசி விட்டு மணித்தியாலக் கணக்கா நிக்கவிட்டால் தோலின்ர வெளிப் படையை நைய வைக்கும். 2010ல இங்கிலாந்தில பாத் யூனிவர்சிட்டி ஆக்கள் நல்ல தோல் இருக்கிறவைக்கு 4 கிழமை அக்வியஸ் கிறீம் பூசிப் பார்த்து, தோலின்ர மேல் படை மெல்லிசாகி ஈரம் கூடுதலா வெளியேறுது எண்டு கண்டவை. சின்ன ஆராய்ச்சிதான். ஆனால் 2013ல பிரித்தானியாவின்ர மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே, அக்வியஸ் கிறீம் சிலருக்கு, குறிப்பா எக்ஸிமா இருக்கிற பிள்ளைகளுக்கு, பூசி 20 நிமிசத்துக்குள்ள எரிவு, கடி, சிவப்பு தரக்கூடும் எண்டு எச்சரிக்கை விட்டது. அதுக்குக் காரணம் எஸ்எல்எஸ் மட்டும்தானா, பழுதாகாமல் போடுற மருந்துக்கும் பங்கு இருக்கா எண்டதில இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கு, எரியிறது உண்மை எண்டதில சந்தேகம் இல்லை. எல்லாப் பிள்ளைக்கும் எரியிறதும் இல்லை, கனபேர் பிரச்சினை இல்லாமல் பாவிக்கினம்.

ஆகவே மாமியோட சண்டை பிடிக்க வேண்டாம், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளேல்ல எண்டதை அவ கவனிச்சிருக்கிறா. ஆனால் ரெண்டு கிழமையா ஒண்டுமே பூசாமல் விட்டதுதான் எனக்குக் கவலை. என்ர தங்கச்சியின்ர மகளுக்கு இதே மாதிரி ஒரு காலம், லேபலில அல்கஹோல் எண்டு கண்டு எல்லாக் கிறீமையும் நிப்பாட்டினவை, ஒரு மாசத்தில முழங்கை மடிப்பு வெடிச்சுக் கிருமி பிடிச்சு அன்டிபயட்டிக் வரைக்கும் போனது. எக்ஸிமாவுக்கு ஈரப்பசை காக்கிறதுதான் அத்திவாரம், எந்தக் கிறீம் எண்டது பிறகு. நாளைக்கே போத்தலை எடுத்து முழு லேபலையும் வாசியுங்கோ. சோடியம் லோரைல் சல்பேட் எண்டு இருந்தால் அதைப் பூசி விடுறதை நிப்பாட்டுங்கோ. எமல்சிஃபையிங் ஒயின்ட்மென்டை மாத்தித் தந்தால் அதுக்குள்ளையும் எஸ்எல்எஸ் இருக்கு, கவனம். பதிலுக்கு டொக்டரிட்ட செட்டோமக்ரோகோல் கிறீம் இருக்கா எண்டு கேளுங்கோ, அதிலயும் செட்டோஸ்டியரில் இருக்கும், துணைக்கு வாறது சாந்தமான வேற ஆள், எஸ்எல்எஸ் இல்லை. இல்லாட்டி வெள்ளை சொஃப்ட் பரபினும் லிக்விட் பரபினும் சரிபாதி கலந்தது, பிசுபிசுப்பு, கொழும்பு வெக்கையில பிள்ளைகள் விரும்பாது, ஆனால் எரியாது, இரவில பூசலாம். ஸ்டெரொய்ட் மருந்து தந்தால் அதையும் கிறீமாத் தராமல் ஒயின்ட்மென்டாத் தர ஏலுமா எண்டு கேளுங்கோ, ஒயின்ட்மென்டில பெரும்பாலும் செட்டோஸ்டியரிலும் பழுதாகாத மருந்தும் இருக்காது, மாமிக்கும் நிம்மதி.

தேங்காய் எண்ணெய் பூசலாமா எண்டும் கீழ ஒராள் கேட்டிருக்கிறார். 2014ல பிலிப்பைன்ஸில எக்ஸிமா இருக்கிற 117 பிள்ளைகளில 8 கிழமை செய்த பரிசோதனையில, சூடாக்காமல் எடுத்த வேர்ஜின் தேங்காய் எண்ணெய் மினரல் ஒயிலை விட நல்ல பலன் காட்டினது. ஒரு ஆராய்ச்சிதான், ஆனால் எங்களுக்குக் கிட்ட இருக்கிற, மலிவான சாமான், முதல் ஒரு சின்ன இடத்தில பூசிப் பார்த்துச் செய்யலாம். கடையில அளந்து ஊத்துற எண்ணெயை நம்ப வேண்டாம், அதில வேற எண்ணெய் கலக்கிறது நடக்குது.

இன்னொண்டு, பரபின் எண்டாலும் சரி எந்தக் கிறீம் எண்டாலும் சரி, உடுப்பிலயும் பெட்ஷீட்டிலயும் ஊறிக் காய்ஞ்சால் துணி கெதியாத் தீப்பிடிக்கும், சும்மா கழுவினால் முழுக்கப் போகாது. பிள்ளை அந்த உடுப்போட சாமி விளக்குக்கோ காஸ் அடுப்புக்கோ கிட்டப் போக விடாதேங்கோ. போத்தலின்ர பின்பக்கத்தை வடிவாத் தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போட்டால் அதில என்னென்ன இருக்கு எண்டு வரி வரியாப் பார்த்துச் சொல்லுறன், இரவில எண்டாலும் பரவாயில்லை.